ஓஸ் தண்ணீரைக் காட்டி விற்ற எஞ்சின், போனது 58,000 ரூபாய்

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினைப் பழையதாக வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போனது 58,000 ரூபாய். வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

பழைய பொருள் விற்கும் ஒரு ஆப்பில்தான் விளம்பரம் பார்த்தேன். 9.9 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக், “டெஸ்ட் பண்ணிப் பார்த்து எடுக்கலாம்”. விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் சரிபார்க்கப்பட்டவர் என்று டிக் வேறு. தூத்துக்குடிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். என் மச்சானும் கூட வந்தான், முட்டத்தில் வள்ளம் வைத்திருக்கிறான், எஞ்சின் அவனுக்குத்தான்.

இரும்பு ஸ்டாண்டில் மாட்டி வைத்திருந்தார்கள். டிரம்மில் இறக்கி ஓட்டுங்கள் என்று நாங்கள் கேட்கத்தான் செய்தோம். “டிரம் ஓட்டை தம்பி, அதுவுமில்லாம கொஞ்ச நேரத்துல தண்ணி பூரா ஆயில் மிதக்கும், இதுதான் சுத்தமான முறை” என்றார். கீழே தண்ணீர் உறிஞ்சும் சல்லடை மேல் ஸ்கூட்டர் டியூபை வெட்டிச் சுற்றி, அதற்குள் ஓஸைச் செருகி, கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார். ஓஸின் மறுமுனை நேராகத் தண்ணீர் இறைக்கும் மோனோபிளாக் மோட்டாரில். அந்த மோட்டாரைப் போட்டதுமே எஞ்சின் மூடிக்குக் கீழே இருக்கும் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச ஆரம்பித்துவிட்டது, எஞ்சினை ஸ்டார்ட்டே பண்ணவில்லை! இது என்ன என்று மச்சான் கேட்டான். “உள்ள தங்கின பழைய தண்ணி வெளியே போகுது” என்றார். அப்புறம் கயிற்றை இழுத்தார், ரெண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது, சத்தமும் சீராகத்தான் இருந்தது. மச்சானின் கையைப் பிடித்து அந்தத் தண்ணீருக்குக் கீழே வைத்து, “வெதுவெதுப்பா இருக்கா? எஞ்சின் பிளாக்குக்குள்ள போயிட்டு வருதுன்னு அர்த்தம். என் பிள்ளைக்கு எடுத்தாலும் இதைத்தான் எடுப்பேன்” என்றார். அந்த ஒரு பேச்சுக்குத்தான் 58,000 ரூபாயை அங்கேயே நின்று போனில் அனுப்பினோம். பில் கேட்டதற்கு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார், கடை பெயர் கூட இல்லாமல்.

வெதுவெதுப்பாக இருந்தது உண்மை. தண்ணீர் பிளாக்குக்குள் போய் வந்ததும் உண்மை. ஆனால் அதைத் தள்ளியது மோனோபிளாக் மோட்டார், சூடு தணியத் தண்ணீரை இழுக்க வேண்டிய எஞ்சினின் சொந்தப் பம்ப் இல்லை. கடலில் ஓஸ் பிடிக்க யார் வருவார்கள்? வள்ளம் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே ஹெட்டிலிருந்து ஆவி, பெயின்ட் கருகும் வாடை, எஞ்சின் இறுகி நின்றது. வேறு வள்ளக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஊர் மெக்கானிக் கீழ்ப்பகுதியைக் கழற்றிக் காட்டினார். பம்ப் கூட்டுக்குள், சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் நடுக்கட்டை மட்டும் இருக்கிறது, ரப்பர் இறக்கை ஒன்றுகூட இல்லை. இறக்கைகள் நன்றாக இருந்தால், எஞ்சின் நிற்கும்போது அவையே வழியை மறித்து நிற்கும், தண்ணீர் அந்த வேகத்தில் வந்திருக்காதாம். சிலிண்டரின் உள்சுவர் முழுக்கக் கோடு விழுந்திருக்கிறது. பிஸ்டன், ரிங், ஸ்லீவ் என்று அவர் சொல்கிற கணக்கைக் கேட்டால் இன்னொரு பழைய எஞ்சினே எடுத்துவிடலாம்.

போன் பண்ணினால், “ஓடினதைப் பார்த்துத்தானே எடுத்தீங்க, உப்புத் தண்ணியில போட்டு அடிச்சா நான் பொறுப்பா?” என்கிறார் (கடலில் ஓடத்தானே ஐயா அந்த எஞ்சின்). அடுத்த முறை கூப்பிட்டபோது ஒரு பையன் எடுத்து அண்ணன் வெளியூர் போயிருக்கிறார் என்றான், அதோடு என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்கள். ஆப்காரர்களுக்கு டியூப் சுற்றிய போட்டோ, உடைந்த இம்பெல்லர் போட்டோ எல்லாம் அனுப்பினேன். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான விஷயத்தில் நாங்கள் தலையிடுவதில்லை என்று ஒரு பதில், பின்னாலேயே உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று ஒரு மெசேஜ். 58,000 ரூபாய் போனவனிடம் கேட்கிற கேள்வியா இது! நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், அங்கேயும் முதலில் கேட்டது பில்தான். அதே ஆள் இப்போது வேறு ஒரு எஞ்சினை விளம்பரத்தில் போட்டிருக்கிறார், போட்டோவில் அதே ஸ்டாண்டு, அதே டியூப்.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. டிரம்மில்தான் பாருங்கள், புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, அதற்கு மேலே இருக்கும் தகடு மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் வேண்டும், ஓஸ் டிரம்மை நிரப்ப மட்டும். எஞ்சின் ஓடினால் தண்ணீர் பீய்ச்ச வேண்டும், நிறுத்தினால் நிற்க வேண்டும். ஸ்டார்ட் பண்ணியும் வரவில்லையா, உடனே ஆஃப் பண்ணுங்கள், காய்ந்து ஓடினால் நல்ல இம்பெல்லரும் கொஞ்ச நேரத்தில் போய்விடும். சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரஷன் கேஜ் உள்ள மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். டிரம் ஓட்டை என்று சொன்னால் வண்டி ஏறி வந்துவிடுங்கள்.