ஒரே பெயரில் இரண்டு படிப்பு, கையில் ஒன்றும் இல்லை: கணினிப் படிப்பில் சேரப் போகிறவர்களுக்கு

'கம்ப்யூட்டர் புரோகிராமிங் அண்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்' என்பது போல இரண்டு துறைகளை ஒட்டிப் பெயர் வைத்த படிப்பில் சேரப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். அப்படி ஒரு படிப்பை முழுசாக முடித்து, மதிப்பெண்ணும் நன்றாகவே வாங்கி, வேலைக்குப் போன இடத்தில்தான் நான் என்ன படிக்கவில்லை என்பது தெரிந்தது. கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. அதன் மீது நான் கொடுத்த புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதோடு, இதே ஆட்டத்தை ஆடும் இடம் அது ஒன்று மட்டும் இல்லை.

ஆட்டம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த இரட்டைப் பெயரே அவர்களுக்கு ஒரு வசதி. புரோகிராமிங் ஏன் இவ்வளவு மேலோட்டமாகப் போகிறது என்று கேட்டால், "இது இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் படிப்புப்பா, நீங்க என்ன கம்பைலரா எழுதப் போறீங்க?" என்பார்கள். (கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள்.) சரி என்று, இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸின் முக்கிய வேலையைப் பற்றி, அதாவது ஒரு நிறுவனத்தின் தேவையைக் கேட்டறிந்து அதற்கு ஒரு சிஸ்டம் வடிவமைப்பது எப்படி என்று கேட்டால், "அதெல்லாம் மேனேஜ்மென்ட் படிக்கிறவங்களுக்கு, நீங்க முதல்ல கோடு எழுதிப் பழகுங்க" என்று பதில் வரும். இரண்டுமே ஒரே ஆசிரியர் சொன்னவை. ஒவ்வொரு பாதியின் குறையையும் அடுத்த பாதியின் தலையில் கட்டிவிடுவார்கள். மாணவன் எந்தப் பக்கம் போய் முட்டினாலும் சுவர்தான்.

உண்மையில் இவை தனித்தனித் துறைகள். ஏசிஎம், ஐஇஇஇ போன்ற தொழில்முறை அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட 2005-ஆம் ஆண்டுப் பாடத்திட்ட வழிகாட்டியே கணினிப் படிப்புகளை ஐந்தாகப் பிரிக்கிறது: கணினிப் பொறியியல், கணினி அறிவியல், இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ், இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி, மென்பொருள் பொறியியல். இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸுக்கு என்றே ஐஎஸ் 2020 என்ற தனி வழிகாட்டி இருக்கிறது. தரவு, உள்கட்டமைப்பு, சிஸ்டம் பகுப்பாய்வும் வடிவமைப்பும், ப்ராஜெக்ட் மேலாண்மை, பாதுகாப்பு எல்லாம் அதில் வரும். இரண்டு துறைகளைச் சேர்த்து நடத்துவது தவறே இல்லை, நன்றாக நடத்தினால் அருமையான படிப்பு அது. ஆனால் அதற்கு இரண்டு மடங்கு உழைப்பு வேண்டும். இங்கே இரண்டும் பாதியாகி, அந்தப் பாதியும் பழசாக இருந்தது.

எவ்வளவு பழசு என்று சொல்கிறேன். லேபில் சி என்ற நிரல் மொழிக்கு டர்போ சி என்ற கம்பைலர். போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் வெளியிட்டது, டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்து 16 பிட் மென்பொருள். இன்றைய 64 பிட் விண்டோஸ் அதை நேரடியாக ஓட்டவே ஓட்டாது என்பதால் டாஸ்பாக்ஸ் என்ற போலி டாஸைப் போட்டு, அதற்குள் ஓட வைத்திருந்தார்கள். விளம்பரக் கையேட்டில் 'அதிநவீன ஆய்வகம்' என்று போட்டிருந்தது இதைத்தான்.

பழைய கருவி என்றால் என்ன, அடிப்படை ஒன்றுதானே என்று சிலர் சொல்வார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் சமாதானம் சொன்னார்கள். ஒருநாள் 200-ஐ 200-ஆல் பெருக்கும் சாதாரண நிரல் ஒன்று எழுதினேன். விடை -25536 என்று வந்தது. ஆசிரியரிடம் காட்டினேன். "சிஸ்டத்துல ஏதோ வைரஸ், பக்கத்து சிஸ்டத்துல போட்டுப் பாரு" என்றார். பக்கத்திலும் அதே விடை. காரணம் மிக எளிது. டர்போ சி-யில் இன்ட் என்ற முழு எண் வகைக்கு 16 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள் பதினாறு) இடம்தான், 32767-க்கு மேல் கொள்ளாது. 40000 என்ற விடை அந்த எல்லையைத் தாண்டியதும், 65536-ஐக் கழித்தால் என்ன வருமோ அந்த எண்ணாகத் திரும்பி வந்து நிற்கிறது. ஒரு நல்ல ஆசிரியர் கையில் கிடைத்தால் அந்த ஒற்றை விடையை வைத்து ஒரு வகுப்பு முழுக்க நடத்தியிருப்பார்: நினைவகம், பிட், எதிர்மறை எண்ணைக் கணினி எப்படி வைத்துக்கொள்கிறது, எல்லாமே அதற்குள் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது வைரஸ்.

இதைவிட மோசம், அந்தக் கருவியோடு சேர்ந்து ஒட்டிக்கொண்ட பழக்கங்கள். ஒவ்வொரு நிரலும் கோனியோ ஹெடரில் (டாஸ் கம்பைலர்களோடு வந்த துணைக்கோப்பு) தொடங்கி, வாய்டு மெயினில் (எந்த மதிப்பையும் திருப்பித் தராத மெயின் செயற்கூறு) நுழைந்து, திரையை அழிக்கும் கட்டளையோடு ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும். கோனியோ சி மொழியின் தரநிலையில் இல்லவே இல்லை. மெயின் செயற்கூறு இன்ட் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் தரநிலை. முதல் நேர்முகத் தேர்வில் லினக்ஸ் கணினியைக் கொடுத்து ஒரு சின்ன நிரல் எழுதச் சொன்னார்கள். முதல் வரியிலேயே கம்பைலர் 'அப்படி ஒரு ஹெடர் இல்லை' என்று சொல்லிவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் சிரிக்கவில்லை. "எந்தக் காலேஜ்?" என்று மட்டும் கேட்டார். அந்த நிரல்களை வேறு மாதிரி எழுதலாம் என்றே கல்லூரியில் யாரும் சொன்னதில்லை.

பயனர் தட்டும் எழுத்துச் சரத்தை வாங்குவதற்குச் சொல்லிக்கொடுத்த கட்டளை கெட்ஸ். உள்ளே வரும் எழுத்துகள் எத்தனை என்று அது பார்ப்பதே இல்லை, ஒதுக்கிய இடத்தைத் தாண்டியும் எழுதிக்கொண்டே போகும். 1988-இல் இணையத்தையே தடுமாற வைத்த மோரிஸ் வோர்ம் என்ற தானாகப் பரவும் தீநிரல் உள்ளே நுழையப் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்று இதே கெட்ஸால் வந்தது. 2011-இல் வந்த சி11 தரநிலை அதை மொழியிலிருந்தே தூக்கிவிட்டது. எங்கள் லேப் கையேட்டில் மட்டும் அது இன்னும் சுகமாக இருக்கிறது. பைத்தான் என்று ஒரு பாடம் வைத்திருந்தார்கள், அதற்கும் இதே கதி. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, ஆனால் கையில் கொடுத்த குறிப்புகளில் பிரின்ட் கட்டளைக்கு அடைப்புக்குறியே கிடையாது; பைத்தான் 3-இல் அது கட்டாயம்.

கருவிகூடப் போகட்டும். படிப்பு முடியும் வரைக்கும் நான் எழுதிய நிரலை ஒரு ஆள்கூடப் படித்ததில்லை. கையேட்டில் இருக்கும் நிரலைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும், விடை வந்ததும் ரெக்கார்டு நோட்டில் கையால் எழுத வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான் லேப். பிழை வந்தால் அதை எப்படித் தேடுவது, டீபக்கர் என்ற பிழை தேடும் கருவியில் வரி வரியாக எப்படி நகர்வது, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்க 2005-இலிருந்தே இருக்கும் கிட் என்ற கருவியை எப்படிப் பயன்படுத்துவது, எதுவும் இல்லை. தேர்வில் மாறியின் பெயரை மாற்றி எழுதியதற்காக ஒரு தோழிக்கு மதிப்பெண் குறைத்தார்கள். நிரல் சரியாக ஓடியது. 'கையேட்டில் இருப்பது போல இல்லை' என்பது காரணம்.

இன்னொரு பாதிக்கு வருவோம். டேட்டாபேஸ் வகுப்பில் எட்கர் காட் 1970-இல் ரிலேஷனல் மாடலை (தரவை அட்டவணைகளாக வைக்கும் முறை) முன்வைத்தார், பீட்டர் சென் 1976-இல் இஆர் மாடலை (தரவுகளுக்கு இடையிலான உறவைப் படமாக வரையும் முறை) முன்வைத்தார் என்று ஆண்டுகள் கற்றுக்கொண்டோம். அட்டவணைகளைச் சரியாகப் பிரிப்பதற்கான விதிகளில் ஒன்றான மூன்றாம் நார்மல் ஃபார்மின் வரையறையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு மோசமான அட்டவணையைக் கையில் கொடுத்து, இதைப் பிரி என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. மாணவர் பெயரும் பாடத்தின் கட்டணமும் ஒரே அட்டவணையில் இருந்தால், கட்டணம் மாறும்போது அந்தப் பாடத்தை எடுத்த ஒவ்வொருவரின் வரிசையிலும் போய் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் ஒரே பாடத்துக்கு இரண்டு கட்டணம். கடைசி மாணவரும் விலகி அவர் வரிசையை நீக்கினால், பாடத்தின் கட்டணமே காணாமல் போகும். நார்மலைசேஷன் என்ற ஒன்று எதற்காக இருக்கிறது என்பதே இதுதான். இதை வேலைக்கு வந்த பிறகு ஒரு சீனியர் காகிதத்தில் வரைந்து காட்டி விளக்கினார், பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

சிஸ்டம் அனாலிசிஸ் என்றால், மென்பொருள் வேலையை ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்தது என்று நடத்தும் வாட்டர்ஃபால் மாடலின் படம். கட்டம் கட்டமாக, அம்புக்குறி போட்டு, தேர்வுக்கு அழகாக வரைய வேண்டும். அந்த வகைப் படத்தை 1970-இல் தன் கட்டுரையில் போட்ட வின்ஸ்டன் ராய்ஸ், அப்படி ஒரே நேர்கோட்டில் போவது ஆபத்து என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மிச்ச நேரம் எக்செல், வேர்டு, பவர்பாயின்ட். சிலபஸில் அதற்கு 'மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் ஆய்வகம்' என்று பெயர்.

கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்தான் உச்சம். தலைப்பை நாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். தேர்ந்தெடுத்துக்கொண்டு போனால், "இதெல்லாம் முடிக்க நேரம் பத்தாது" என்று சொல்லி, 'வழிகாட்டும் நிறுவனம்' என்று ஒன்றைக் கை காட்டினார்கள். அங்கே பணம் கட்டினால் மருத்துவமனை மேலாண்மை, நூலக மேலாண்மை, ஊழியர் சம்பளம் என்று தயாராக வைத்திருப்பார்கள். சோர்ஸ் கோடு, அறிக்கை, வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குக் கேள்வி பதில் எல்லாம் ஒரே கட்டு. கல்லூரிக்கும் அந்த இடத்துக்கும் என்ன உறவு என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆகவே சொல்லாமல் விடுகிறேன். ஆனால் சொந்தமாகச் செய்த இரண்டு பேருக்கு வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அந்தத் தயார் ப்ராஜெக்டுகளில் ஒன்றைப் பின்னாளில் உட்கார்ந்து பார்த்தேன். கோப்பின் தலைப்பில் எங்களுக்குத் தெரியாத யாரோ ஒருவரின் பெயர். பாஸ்வேர்டுகள் அப்படியே வெறும் எழுத்தாக அட்டவணையில். லாகின் திரையில் பயனர் தட்டும் எழுத்தை அப்படியே, டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் எஸ்க்யூஎல் வாக்கியத்தோடு ஒட்டியிருந்தார்கள். பாஸ்வேர்டு கட்டத்தில் ஒரு ஒற்றை மேற்கோள் குறியும், எப்போதும் உண்மையாகும் ஒரு நிபந்தனையும் போட்டால் போதும், பாஸ்வேர்டே தெரியாமல் நிர்வாகியாக நுழையலாம். எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் என்று இதற்குப் பெயர். பயனர் தரும் மதிப்பை வாக்கியத்தோடு ஒட்டாமல் தனி அளவுருவாக அனுப்பினால் அடைபடும் ஓட்டை. நோயாளிகளின் விவரத்தை வைக்கும் 'சிஸ்டம்' அது. வைவாவில் அதற்கு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல்.

சான்றிதழ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 'கட்டணத்தில் சர்வதேசச் சான்றிதழும் அடக்கம்' என்றார்கள். கடைசியில் வந்தது ஒரு பயிற்சி மையம் அச்சடித்துக் கொடுத்த 'பங்கேற்பு' சான்றிதழ். பெரிய நிறுவனங்களின் உண்மையான சான்றிதழ் என்றால் அதற்கென்று தனித் தேர்வு இருக்கும், சரிபார்க்கும் எண் இருக்கும், கொடுத்த நிறுவனத்தின் தளத்திலேயே அதைப் போட்டுப் பார்க்கலாம். பளபளப்பான காகிதத்தை நம்பாதீர்கள், எண்ணைக் கேளுங்கள். 'வேலை உறுதி' என்று வாயால் சொன்னது கையெழுத்துப் போட்ட தாளில் 'வேலை தேட உதவி' என்று மாறியிருந்ததைப் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை, எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

சேரும் முன் சிலபஸை மட்டும் வாங்கிப் பார்த்தால் போதாது, எங்கள் சிலபஸ் காகிதத்தில் மிக நன்றாகவே இருந்தது. லேபுக்குள் போக அனுமதி கேளுங்கள். ஏதாவது ஒரு கணினியில் என்ன கம்பைலர், என்ன பதிப்பு என்று பாருங்கள். நீலத் திரையில் டர்போ சி தெரிந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். போன ஆண்டு மாணவர் ஒருவரின் அசைன்மென்டை, ஆசிரியர் அதில் எழுதிய திருத்தத்தோடு காட்டச் சொல்லுங்கள். வெறும் கையெழுத்தும் மதிப்பெண்ணும் மட்டும் இருந்தால் அந்த நிரலை யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். ப்ராஜெக்ட் தலைப்புகளின் பட்டியலை வாங்கிப் பாருங்கள், ஒரே தலைப்பு ஆண்டுதோறும் திரும்பி வருகிறதா என்று தெரிந்துவிடும். பெயரில் இரண்டு துறை இருந்தால், எந்தத் துறைக்கு எத்தனை மணி நேரம், யார் நடத்துகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் 'பாடத்திட்டம் முன்னறிவிப்பின்றி மாற்றத்துக்கு உட்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். என் புகாருக்குக் கல்லூரி தந்த பதில் முழுக்க அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கு: விளம்பரத்தை, கட்டண ரசீதை, சிலபஸை எல்லாம் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். வேறு கல்லூரிக்கு மாறும் எண்ணம் இருந்தால், ஒவ்வொரு பாடத்துக்கும் மணி நேரக் கணக்கோடு கல்லூரி முத்திரையிட்ட விவரத் தாளை இப்போதே, மாணவராக இருக்கும்போதே எழுதிக் கொடுத்து வாங்கிவிடுங்கள். அது என்னிடம் இல்லாததால், அடுத்து நான் படிக்கப் போன இடத்தில் ஒரு பாடத்தைக்கூட ஏற்க மறுத்தார்கள். படிப்பு முடிந்து வெளியே வந்த பிறகு பழைய கல்லூரியில் போய்க் கேட்டபோது, "அந்த பேட்ச் சிலபஸ் இப்ப இல்லையே சார்" என்று சொல்லிவிட்டார்கள்.