டிஸ்ப்ளேயில் ஒன்று, பெட்டிக்குள் வேறொன்று: டிஜிட்டல் பியானோ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் 26,500 ரூபாய் கொடுத்து ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கி ஏமாந்தோம். வடசென்னையிலேயே இருக்கும் ஓர் இசைக்கருவிக் கடை. கடைப் பெயரை இங்கே போடவில்லை. நடந்ததை மட்டும் விடாமல் சொல்கிறேன். எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று பிள்ளைகள் கீபோர்டு வகுப்புக்குப் போகிறார்கள், அந்த வீடுகளிலும் இதே பேச்சுதான் ஓடுகிறது.

நாங்கள் இருப்பது ராயபுரத்தில். மகளுக்குப் பத்து வயது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கீபோர்டு வாசிக்கும் அண்ணனைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. இரண்டு வருடம் 61 கட்டை கீபோர்டிலேயே பழகினாள். பெரம்பூரில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மிஸ், பள்ளியில் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், இந்த வருடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இதிலேயே பழகினா விரல்ல பலம் வராதும்மா. கனமான கட்டை வேணும்." நிஜப் பியானோவை நாங்கள் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. விலையை விடுங்கள், கடற்காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே நிற்பதில்லை, பியானோ கம்பி எப்படி நிற்கும்? அதனால்தான் கம்பி இல்லாமல் மின்சாரத்தில் ஒலிக்கும் டிஜிட்டல்.

கடையில் இருந்த பையன் நன்றாகத்தான் பேசினான். "அக்கா, ஃபுல் வெயிட்டட், 88 கீ, கிராண்ட் பியானோ சவுண்டு" என்றான். மகள் டிஸ்ப்ளேயில் இருந்ததில் உட்கார்ந்து தன் பாடத்தை வாசித்தாள். கட்டைகள் கனமாக இருந்தன, சத்தம் அறையே நிறைந்தது. மேசைக்குக் கீழே இரண்டு பெரிய ஸ்பீக்கர்களில் வயரைச் செருகியிருந்ததை அன்று நான் கவனிக்கவில்லை. பணம் கட்டியதும், டிஸ்ப்ளே பீஸைத் தரமாட்டோம், குடோனிலிருந்து சீல் பிரிக்காத புதுப் பெட்டி வரும் என்றார்கள். புதுசுதானே நல்லது என்று நானும் தலையாட்டினேன். பில்லில் "டிஜிட்டல் பியானோ 88 கீ - 1" என்று மட்டும் இருந்தது. மாடல் நம்பர் இல்லை.

பெட்டியை என் கணவர் ஒரே கையில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நிஜப் பியானோவின் கனம் வருவதற்காகக் கட்டைக்குக் கட்டை உள்ளே சின்னச் சுத்தியல் வைத்த 88 கட்டை டிஜிட்டல் பியானோ எதுவும் அவ்வளவு லேசாக இருக்காது. அந்த வகையில் யமஹா பி-45 பதினொன்றரை கிலோ. கேசியோ சிடிபி-எஸ்110 பத்தரை கிலோ. ரோலண்ட் எஃப்பி-10 பன்னிரண்டு கிலோவுக்கு மேல். எங்களுடையதை அப்புறம் எடை போட்டுப் பார்த்தோம், ஏழு கிலோகூட இல்லை.

மகள் அன்றைக்கே "அம்மா, இது அது இல்ல" என்றாள். நான்தான் புதுசு, பழகினால் சரியாகிவிடும் என்று அடக்கினேன். மூன்றாம் நாள் மிஸ்ஸே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்தது.

முதலில் இடது கோடியில் ஒரு கட்டையையும் வலது கோடியில் ஒன்றையும் மாறி மாறி அழுத்தச் சொன்னார். நிஜப் பியானோவில் தாழ்ந்த சுரங்கள் இருக்கும் இடது பக்கம் கட்டை கனமாகவும், உச்சத்துக்குப் போகப் போக லேசாகவும் இருக்கும். நல்ல டிஜிட்டலிலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். எங்களுடையதில் இரண்டு கோடியும் ஒன்றே. அடுத்து ஒரு கட்டையை மெதுவாக, மிக மெதுவாக அழுத்தச் சொன்னார். சுத்தியல் இருந்தால் முதல் அசைவில்தான் கனம் தெரியும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் உள்ளே போகப் போகத்தான் இறுக்கம் கூடும். எங்களுடையது அப்பட்டமான ஸ்பிரிங். கடைக்காரர்கள் இதையும் கூசாமல் "வெயிட்டட்" என்றே சொல்கிறார்கள். "செமி வெயிட்டட்" என்பதும் ஸ்பிரிங் சங்கதிதான். சுத்தியல் வைத்தது வேண்டுமென்றால் நீங்கள் கேட்க வேண்டிய வார்த்தை "ஹேமர் ஆக்‌ஷன்". அதைச் சொல்லிக் கேளுங்கள், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சத்தத்திலும் அதே கதை. மிஸ் ஒரே கட்டையை மென்மையாகத் தொட்டார், அப்புறம் ஓங்கித் தட்டினார். நிஜப் பியானோவில் மென்மையாகத் தொட்டால் ஒலி மங்கலாகவும், ஓங்கினால் கூர்மையாகவும் வரும். நல்ல கருவிகளில் ஒரு சுரத்தையே பல அழுத்தங்களில் பதிவு செய்து வைத்திருப்பார்கள். எங்களுடையதில் வால்யூம் மட்டும் ஏறி இறங்கியது, குரல் மாறவேயில்லை. கடைசியாக, சுரங்களை நீள ஒலிக்க வைக்கும் பெடலை மிதித்துக்கொண்டே இடது கையில் ஒரு தாழ்ந்த சுரத்தைப் பிடித்து, மேலே வரிசையாக வாசித்துக்கொண்டே போனார். பாதியில் அந்த அடிச் சுரம் வெட்டியதுபோல் காணாமல் போனது. ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்கலாம் என்பதற்கு இந்தக் கருவிகளில் ஓர் எல்லை உண்டு. பாலிஃபொனி என்பார்கள். பி-45இல் அது 64, எஃப்பி-10இல் 96. எங்கள் பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 32 என்று இருந்தது.

அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் மாடல் நம்பரும் கண்ணில் பட்டது. டிஸ்ப்ளேயில் இருந்ததை மகள் உட்கார்ந்து வாசித்தபோது போட்டோ எடுத்திருந்தேன். எல்லாம் ஒன்றே, கடைசி எழுத்து மட்டும் வேறு.

மறுநாள் கடைக்குப் போனோம். "சீலைப் பிரிச்சிட்டீங்களே மேடம்" என்றார் முதலாளி. போட்டோவைக் காட்டினேன். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான். பில்லின் அடியில் இருந்த வரியைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. அந்த வரியைக் கண்டு யாரும் பின்வாங்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. ஒரு தரத்தைச் சொல்லி வேறொரு தரத்தைக் கொடுப்பதும் முறையற்ற வணிகத்தில்தான் சேரும். அன்று சாயங்காலமே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் செய்து புகாரைப் பதிந்தேன். பில், போட்டோ, எடை மெஷினில் வைத்து எடுத்த வீடியோ எல்லாவற்றையும் சேர்த்தேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், ஐந்து லட்சம் வரை அங்கே மனுவுக்குக் கட்டணமே இல்லை என்று முதலாளிக்கு வாட்ஸ்அப்பிலும் எழுதினேன்.

ஒன்பதாம் நாள் கூப்பிட்டார்கள். முதலில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள், நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 22,000 வந்தது. 4,500 போனது போனதுதான். முழுப் பணத்துக்கும் நின்று போராடியிருக்கலாம். ஆனால் மகளுக்குக் கீபோர்டுத் தேர்வு நெருங்கிவிட்டது, வாசிக்கக் கருவி இல்லாமல் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து அயனாவரத்தில் ஒரு வீட்டில் பழைய பி-45 ஒன்றை வாங்கினோம். இந்த முறை ஹெட்போனைக் கையோடு கொண்டுபோய் மாட்டி, 88 கட்டையையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். என் கணவர் பத்து ரூபாய்க் காசுகளைக் கட்டையின் நுனியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். கட்டை இறங்க இடது கோடிக்கு வலது கோடியைவிடக் காசு கூடுதலாகத் தேவைப்பட்டது. அதைப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுத்தோம். பெட்டியைக் கீழே இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், உங்களுக்குத் தரப்போகும் பெட்டியையே கடையில் பிரிக்கச் சொல்லி, வெளி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பிள்ளையை அதில் வாசிக்க வையுங்கள். மாடல் நம்பர் கடைசி எழுத்து வரை பில்லில் ஏறிய பிறகு பணம் கொடுங்கள். போன சனிக்கிழமை அந்தக் கடை வழியாகத்தான் பஸ்ஸில் வந்தேன். அதே டிஸ்ப்ளே பியானோ, அதே 26,500 சீட்டோடு, கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் நிற்கிறது.