காற்று வரைபடம், கயத்தாறு சோதனைக்களம்: பள்ளிக்கரணை மையத்தின் சேவை எதுவரை கைகொடுக்கும்?

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் 1998-ல் காற்றாற்றல் தொழில்நுட்ப மையம் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. மத்திய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. சான்றளிப்பு, பயிற்சி, சூரியக் கதிர்வீச்சு அளவீடு என்று பல பிரிவுகள் உண்டு. ஆனால் காற்றாலை போட நிலம் தேடுபவருக்கும், முப்பந்தல் பக்கம் நிற்கும் பழைய 225, 250 கிலோவாட் காற்றாலைகளை எடுத்துவிட்டுப் பெரியது நிறுத்த நினைப்பவருக்கும் நேரடியாக உதவுபவை இரண்டுதான்: காற்று வரைபடமும், தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறில் உள்ள காற்றாலை சோதனைக்களமும்.

நாட்டின் காற்றாற்றல் வளம் 100 மீட்டர் உயரத்தில் 302 ஜிகாவாட், 120 மீட்டரில் 695, 150 மீட்டரில் 1,164 என்பது இந்த நிறுவனத்தின் மதிப்பீடு. தமிழ்நாட்டின் பங்கு முறையே 33.8, 68.75, 95. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் வாய்ப்பகுதிகள் வரைபடத்தில் பார்த்தவுடன் தெரியும். எந்த வட்டாரத்தில் தேடுவது என்று முடிவெடுக்க இதைவிட நல்ல கருவி இல்லை. எந்த சர்வே எண்ணை வாங்குவது என்பதற்கு மட்டும் இதை நம்பிவிடக் கூடாது. 500 மீட்டர் கட்டத்துக்கு ஒரு எண்தான் கிடைக்கும். குன்றின் உச்சியும் அதன் மறைவுச் சரிவும் அதே கட்டத்துக்குள் வந்துவிடலாம்.

பணம் போவது உயரக் கணக்கில்தான். 50 மீட்டரில் விநாடிக்கு 6 மீட்டர் என்று அளந்த காற்றை 120 மீட்டருக்குக் கணக்கிடும்போது, உயர அடுக்கு எண்ணை (உயரம் கூடக் கூட வேகம் எவ்வளவு கூடுகிறது என்பதைக் காட்டும் எண்) 0.14 என்று வைத்தால் 6.8 வரும்; 0.25 என்று வைத்தால் 7.5. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. திறந்த தேரிக்கும் தென்னந்தோப்புக்கும் இந்த எண் ஒன்றாக இருக்காது. அதனால் காற்றளவுக் கம்பம் நட்டு, குறைந்தது இரண்டு மூன்று உயரங்களில், ஒரு முழு ஆண்டு அளக்க வேண்டும். ஆடிக் காற்றை மட்டும் அளந்துவிட்டு ஆண்டு யூனிட்டைச் சொல்பவர் அறிக்கையை ஓரம் வையுங்கள்.

கம்பத்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள் மூன்று. தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வரும்போது, அனிமோமீட்டர் (காற்றுவேகமானி) கம்பத்தின் கிழக்குப் பக்கம் இருந்தால் கம்ப நிழலிலேயே சுற்றும். உருளைக் கம்பமானால் அனிமோமீட்டரைத் தாங்கும் தாங்குகையை முதன்மைக் காற்றுத் திசைக்கு 45 பாகையில் வையுங்கள். நீளம் கம்ப விட்டத்தைப் போல ஆறு மடங்காவது வேண்டும். அடுத்தது, அளவுகளைப் பதியும் டேட்டா லாகரில் அளவுத்திருத்த எண்களைப் பதிவதில் வரும் பிழை. கூட்ட வேண்டிய 0.35-ஐ விட்டுவிட்டால் 5 மீட்டர் வேகம் 4.65 என்று பதிவாகும். ஆற்றல் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். மூன்றாவது, உப்பும் தூசியும் ஏறி பேரிங் இறுகுவது. கிண்ணம் மெதுவாகச் சுற்றும், லாகர் குறையே சொல்லாது. ஒரே உயரத்தில் இரண்டு அனிமோமீட்டர் இருந்தால்தான் இது பிடிபடும்.

கயத்தாறு பற்றி மனதாரப் பாராட்டிச் சொல்லலாம். சிறிய காற்றாலைகளை, உண்மையான காற்றில் நிறுத்தி, மூன்றாவது ஆள் அளந்து தரும் இடங்கள் நாட்டில் அரிது. விற்பனைத் தாளில் உள்ள மின்திறன் வளைவு, அதாவது எந்தக் காற்று வேகத்தில் எவ்வளவு மின்சாரம் என்று காட்டும் கோடு, கனமீட்டருக்கு 1.225 கிலோ காற்றடர்த்திக்கு வரைந்தது. கடல்மட்டத்தில் 33 டிகிரி வெயிலில் அடர்த்தி 1.15 அளவுக்கு இறங்கிவிடும். முழுத்திறனை எட்டாத வேகங்களில் அங்கேயே 6 சதவீதம் குறைகிறது.

பெரிய காற்றாலைக்கான சர்வதேச முறைப்படி, அளவுக் கம்பம் இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல இரண்டு முதல் நான்கு மடங்கு தள்ளி (இரண்டரை மடங்கு பரிந்துரை) நிற்க வேண்டும், தரவு காற்று வேகப்படி விநாடிக்கு 0.5 மீட்டர் படிகளாகப் பிரிக்கப்பட்டு, படி ஒன்றுக்கு 30 நிமிடமாவது சேர வேண்டும், மொத்தம் 180 மணி நேரம். தலைப்பெட்டி (கோபுர உச்சியில் ஜெனரேட்டர் இருக்கும் பெட்டி) மேல் இருக்கும் அனிமோமீட்டர் கணக்கை யாராவது சோதனை அறிக்கை என்று நீட்டினால் ஏற்காதீர்கள். அது இறக்கைக்குப் பின்னால் கலங்கிய காற்றை அளக்கிறது.

வளைவு தாளில் உள்ளதைவிடத் தாழ்ந்தால் உடனே இறக்கையைக் குறை சொல்லாமல், முதலில் தலைப்பெட்டியின் காற்றுத் திசைகாட்டியைப் பாருங்கள். அதன் போல்ட் தளர்ந்து 10 பாகை திரும்பியிருந்தால், தலைப்பெட்டியைக் காற்றை நோக்கித் திருப்பும் யா மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சரியாகவே வேலை செய்து, இயந்திரத்தைத் தவறான திசையில் நிறுத்திவைக்கும். அலாரம் வராது. முழுத்திறனுக்குக் கீழே உற்பத்தி 3 முதல் 5 சதவீதம் வரை போய்க்கொண்டே இருக்கும்.