மக்களிடம் அறிவியல்: விளக்குவதா, உரையாடுவதா?

அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்ல இரு வழிகள் உண்டு. அறிந்தவர் விளக்க, மற்றவர் கேட்டுக்கொள்வது ஒன்று. இரு தரப்பும் பேசி, இரு தரப்பும் தம் முடிவைத் திருத்திக்கொள்ள இடம் வைப்பது மற்றொன்று. பிரிட்டனின் தேசிய அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் 1985ஆம் ஆண்டு அறிக்கை பெரும்பாலும் முதல் வழியை நம்பியது. 2000இல் வெளிவந்த, அந்நாட்டு நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபைக் குழுவின் அறிக்கை இரண்டாவதை வலியுறுத்தியது.

இந்த மாற்றத்துக்கான ஒரு காரணத்தை இங்கிலாந்தின் கம்பிரியா மாவட்டத்தில் காணலாம். செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின், 1986 மே மாத மழையோடு வடமேற்கு இங்கிலாந்தின் மேய்ச்சல் மலைகளில் கதிரியக்கச் சீசியம் படிந்தது. ஜூனில் ஆடுகளை விற்கவும் வெட்டவும் தடை விதித்த அதிகாரிகள், அது மூன்று வாரங்களில் நீங்கிவிடும் என்றார்கள். சீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் களிமண் நிலத்தை மனத்தில் கொண்டு போடப்பட்ட கணக்கு அது. மட்கு மிகுந்த அந்த மலைமண்ணிலோ சீசியம் ஆண்டுதோறும் புல்லுக்கு ஏறிக்கொண்டிருந்தது. எஞ்சியிருந்த கட்டுப்பாடுகள் 2012இல்தான் விலகின. ஆடுகளுக்கு வைக்கோல் போடும்படி வந்த ஆலோசனையைக் கேட்ட மேய்ப்பர்கள், மலைப்புல் மேய்ந்து பழகியவை அதைத் தொடாது என்பதை அறிந்திருந்தார்கள். அந்த அறிவுக்கு அங்கே மதிப்பில்லை. இதை ஆராய்ந்த சமூகவியலாளர் பிரையன் வின், மேய்ப்பர்கள் வல்லுநர்களை நம்பாமல் போனதை அறியாமையாகப் பார்க்கவில்லை. நானும் அப்படித்தான் கருதுகிறேன்.

ஆனால் உரையாடல் என்ற பெயரில் நடப்பவை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. இந்தியாவில் மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரிக்காய்க்கு 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு அனுமதி அளித்த பிறகு, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்திவைத்தார். கேட்டதற்குப் பலன் இருந்தது; அது சிறிய விஷயமன்று. எனினும் நிரம்பி வழிந்த அரங்கில் ஆதரவும் எதிர்ப்பும் முழங்க முடியுமே தவிர, ஒரு விவசாயி ஒரு விஞ்ஞானியை நிறுத்தி நிதானமாக மறுகேள்வி கேட்பது அரிது.

டென்மார்க் 1987 முதல் நடத்திய குடிமக்கள் மாநாடுகள் இந்தக் குறையைப் பெரிதும் தவிர்த்தன: ஏறத்தாழ 15 சாமானியர்கள் முன்கூட்டியே படித்துத் தயாராகி, கேள்விகளைத் தாமே வகுத்து, வல்லுநர்களை விசாரித்து, அறிக்கையையும் தாமே எழுதினார்கள். ஆள் குறைவு, செலவும் காலமும் அதிகம் என்பது உண்மையே.

கிரகணத்தின்போது சாப்பிடலாமா என்ற ஐயத்துக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. நல்ல விளக்கமே போதும். ஒருவருடைய நிலமும் பிழைப்பும் சம்பந்தப்பட்ட இடத்தில் டென்மார்க்கின் முறையையே தேர்வேன், அதுவும் அனுமதிக் கோப்பில் கையெழுத்து விழுவதற்கு முன்பே.