தயையா, கருணையா?

பாலக்காட்டுச் சித்தூரில் தமிழ், மலையாளம் இரண்டு நாளிதழ்களையும் படிப்பவர்களுக்கு இது பழகிய குழப்பம். தூக்குத் தண்டனைக் கைதி குடியரசுத் தலைவருக்கு அனுப்புவது தமிழில் கருணை மனு, மலையாளத்தில் தயாஹர்ஜி. அரசியல் சட்டத்தின் 72ஆவது பிரிவு ஒன்றுதான், வாளையாற்றைத் தாண்டினால் சொல் மாறிவிடுகிறது. கருணைக்கொலையும் அங்கே தயாவதம்.

இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. ஆனால் நம் நாக்கில் தயை இளைத்துத் 'தயவு' ஆகி, 'தயவுசெய்து செருப்பைக் கழற்றவும்' என்ற பலகையில் போய் உட்கார்ந்துவிட்டது. 'அவன் தயவில் பிழைக்கிறேன்' என்பதில் நன்றியைவிடக் கசப்பே அதிகம். மலையாளிகளும் 'தயவாயி' என்பார்கள்தான். இருந்தும் ஓர் உயிரைக் காக்கக் கேட்கும் கனம் அங்கே தயைக்கு மிச்சமிருக்கிறது.

கருணை நம்மிடம் மேலிருந்து இறங்குவது: கடவுளிடமிருந்து, இல்லாவிட்டால் அரசிடமிருந்து. பணியில் இறந்தவரின் பிள்ளைக்குக் 'கருணை அடிப்படையில்' வேலை. மலையாளத்தில் அது ஆஸ்ரித நியமனம், அதாவது சார்ந்திருந்தவருக்கான வேலை. எனக்கு அதுதான் பிடிக்கிறது. வாங்குபவர் தலைகுனிய வேண்டியதில்லை. கேரளம் கருணையை லாட்டரிச் சீட்டில் ஏற்றிவிட்டது: ஏழை நோயாளிகளுக்குப் பணம் திரட்ட 2011இல் வந்த 'காருண்யா'.

வீட்டுக்குள் இந்த இரண்டுமே புழங்குவதில்லை. அடிபட்ட நாய்க்குட்டியைக் கண்டால் என் பாட்டி சொல்வது 'பாவம்'. பக்கத்து வீட்டு அம்மிணியும் அதையேதான் சொல்வார். மலையாள எழுத்தில் குற்றம் பாபம், இரங்கத்தக்கது பாவம் என்று பிரிந்துவிடும். நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல்.