யுரேனியம் விலை ஏறியது, என் பங்கு இறங்கியது

ஈரோடு, திருப்பூர் பக்கத்து ஆட்கள் இதைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள். 2021-இல் மஞ்சள் விற்ற காசில் 4 லட்சத்தை, கனடாவில் யுரேனியம் தேடும் ஒரு சின்ன கம்பெனியின் பங்கில் போட்டேன். இன்று விற்றால் 30 ஆயிரம் தேறினாலே அதிகம்.

மச்சான் மூலம் அறிமுகமான ஓர் ஆலோசகர்தான் இதில் இறக்கிவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து, "ஏனுங்க, புகை இல்லாத மின்சாரத்துக்கு அணு உலைதானுங்க வழி. விலை கட்டாம பெரிய சுரங்கத்தையே மூடி வெச்சிருக்காங்க. இனி ஏறியே தீருமுங்க" என்றார்.

அவர் சொன்னதில் பொய்யே இல்லை. 2007-இல் ஒரு பவுண்டு (அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) 130 டாலரைத் தாண்டிய யுரேனியம், ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கு அப்புறம் விழுந்து, 2016 கடைசியில் 20 டாலருக்கும் கீழே கிடந்தது. 2024 ஜனவரியில் மறுபடி 100 டாலரைத் தாண்டியது. அவர் கணிப்பு அப்படியே பலித்தது. என் பங்கு மட்டும் கனடா காசில் 20 சென்டிலிருந்து 4 சென்டுக்கு இறங்கியிருந்தது.

எப்படி என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. நம் காட்டில் போர் போடத் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தால், தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக்கு இவ்வளவு என்று எண்ணி வைக்க வேண்டும். யுரேனியம் தேடும் கம்பெனிக்கும் அதே கதைதான். விற்க ஒரு பவுண்டு தாது கிடையாது, வருமானம் கிடையாது. துளை போடக் காசு தீர்ந்தால் புதுப் பங்கு வெளியிட்டு விற்பார்கள். நான் வாங்கும்போது 5 கோடியாக இருந்த பங்குகள் 19 கோடி ஆகிவிட்டன. கம்பெனி அதேதான், அதில் என் பங்கின் அளவு சுருங்கிவிட்டது. அப்புறம் பத்துப் பங்கை ஒன்றாக்கினார்கள். கையில் இருந்த 33 ஆயிரம் பங்கு 3,300 ஆனது.

அதைவிட வயிறு எரிந்தது இன்னொன்றில். கனடாவில் தனியாருக்கு ஒதுக்கி விற்கும் பங்குகளை வாங்கியவர்கள் பொதுவாக நான்கு மாதம் விற்க முடியாது. தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். மலிவு விலையில் பங்கு வாங்கியவர்களுக்கு அந்த நான்கு மாதம் முடிந்த வாரத்தில்தான் இந்த ஆலோசகர் என்னை "உடனே வாங்குங்க" என்று விரட்டியிருக்கிறார். அவர்கள் விற்க, நான் வாங்கியிருக்கிறேன். இவருக்குக் கம்பெனி விளம்பரக் கட்டணம் கொடுத்ததும் அதன் அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. என்னிடமும் 20 ஆயிரம் ரொக்கமாக வாங்கினார், ரசீது இல்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியில் பதிவு பெற்ற ஆலோசகரும் இல்லை. அதைச் செபியின் தளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்திருக்கலாம், நான் பார்க்கவில்லை.

போலீசுக்குப் போனேன். பங்கு உங்கள் பெயரில்தானே இருக்கிறது, பணம் அவர் கணக்குக்குப் போகவில்லையே என்றார்கள். வங்கியில் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியது நான்தான்.

"துளையில் கதிர்வீச்சு எண்ணிக்கை எகிறியிருக்கிறது" என்று ஒரு செய்தி காட்டுவார்கள். கருவி காட்டும் எண்ணிக்கை வேறு, ஆய்வகத்தில் சோதித்துச் சொல்லும் தாது சதவீதம் வேறு. ஆய்வக முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். நல்ல தாது கிடைத்தாலும் காலம் பிடிக்கும். உலகின் மிகச் செறிவான தாதுக்களில் ஒன்று இருக்கும், கனடாவின் சிகார் லேக் 1981-இல் கண்டுபிடிக்கப்பட்டது. தாது வெளியே வந்தது 2014-இல். இடையில் சுரங்கத்தில் வெள்ளமும் புகுந்தது.

அதே ஆள் இப்போது லித்தியம் தேடும் கம்பெனி என்று பெருந்துறைப் பக்கம் பேசிக்கொண்டிருக்கிறார். உங்கள் திண்ணைக்கும் வந்தால், போன வருடம் எத்தனை பங்கு, இந்த வருடம் எத்தனை பங்கு, கையில் காசு எத்தனை மாதத்துக்கு வரும், உங்களுக்குக் கம்பெனி என்ன கொடுக்கிறது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.