சொம்ஜின் ஆற்றோரம் பூப் பார்க்கப் போகிறவர்களுக்கு: விலை எழுதாத கடையில் உட்காராதீர்கள்

மார்ச் மாதம் தென் கொரியாவின் தெற்குப் பக்கம், ஜிரிசான் மலையடிவாரத்துக்குப் போக நினைப்பவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். குர்யே, ஹாதோங், குவாங்யாங் மூன்றும் சொம்ஜின் ஆற்றை ஒட்டிய ஊர்கள். மார்ச்சில் முதலில் ஆற்றோரம் வெள்ளை வெளேரென்று மேஹ்வா, அதாவது பிளம் பூ, பூக்கும், அதை ஒட்டியே குர்யேவின் சான்தோங் பக்கம் சான்சுயு என்கிற சின்ன மரங்கள் மஞ்சளாகப் பூக்கும், மாதக் கடைசியில் ஹ்வாகே சாலை முழுக்கச் செர்ரி. அவ்வளவு அழகான இடம். அந்தச் சில வாரத்துக்குள் வருஷச் சம்பாத்தியத்தை எடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கும் ஆட்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

நான் கொரியாவில் வேலை பார்க்கிறேன், சமாளிக்கிற அளவுக்குக் கொரிய மொழி பேசுவேன். அப்பா, அம்மா, தங்கை மூவரும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள், பூக்காலத்தைக் காட்டலாம் என்று ரயிலில் கூட்டிப் போனேன். மொழி தெரிந்த எனக்கே இந்தக் கதி என்றால், புதிதாக வருகிறவர்களை என்ன செய்வார்கள் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

முதலில் டாக்ஸி. குர்யேவுக்கு இறங்க வேண்டிய ரயில் நிலையம் உண்மையில் குர்யே மாவட்டத்துக்குள் இல்லை, ஆற்றுக்கு இந்தக் கரையில், சுன்சொன் நகர எல்லையில் இருக்கிறது. வாசலில் நின்ற டாக்ஸிக்காரர் எல்லை தாண்டினால் மீட்டரில் கூடுதல் கட்டணம் ஏறும், அதனால் பேசிக்கொள்ளலாம் என்றார். எல்லை தாண்டினால் கூடுதல் கட்டணம் என்பது அங்கே உண்மைதான், அதனால் ஒத்துக்கொண்டோம். சான்சுயு கிராமம், ஹ்வாஒம்சா கோயில், மத்தியானச் சாப்பாடு, அப்புறம் குவாங்யாங் மேஹ்வா கிராமம், எல்லாம் சேர்த்து 150,000 வோன் என்று பேச்சு.

ஹ்வாஒம்சா போகும் வழியில் கோயில் நுழைவுக் கட்டணம் என்று ஆளுக்கு 4,000 வோன் வீதம் 16,000 வாங்கிக்கொண்டார். இதைக் கவனமாகக் கேளுங்கள். கொரியாவின் பெரிய பௌத்த அமைப்பான ஜோக்யே சங்கத்தின் கீழுள்ள 65 கோயில்களில் 2023 மே 4ஆம் தேதியோடு நுழைவுக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். ஹ்வாஒம்சா, ஹேஇன்சா, புல்குக்சா எல்லாமே இதில் அடக்கம். இந்த 65இல் சேராத சில கோயில்கள் மட்டும் இன்னும் வாங்கலாம், அங்கேயும் கவுண்டரும் சீட்டும் இருக்கும். நாங்கள் போனபோது கோயிலில் டிக்கெட் கிழிக்க ஆளே இல்லை. உள்ளே தகவல் மேஜையில் இருந்த பெண்மணியிடம் கேட்டேன், "காசா? யார் வாங்கினார்கள்?" என்று அவரே திகைத்தார். திரும்பி வந்து கேட்டதும் டாக்ஸிக்காரர் அது பார்க்கிங் காசு என்று மாற்றிப் பேசினார். ரசீது எங்கே என்றதும் பேச்சே இல்லை.

இதே பக்கத்தில் சொன்உன்சா என்று ஒரு கோயில் உண்டு. நோகோதான் மலைக்குப் போகிற 861ஆம் எண் சாலை அந்தக் கோயில் நிலத்தின் வழியாகப் போகிறது. கோயிலை எட்டிக்கூடப் பார்க்காமல் சாலையில் கடந்து போகிறவர்களிடமும் ஆளுக்கு 1,600 வோன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வருஷக்கணக்கில் ஜனங்கள் சண்டை போட்டு, 2019 ஏப்ரலில்தான் அது நின்றது. பழைய பயணக் குறிப்புகளில் இந்தக் கட்டணங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. அதைப் படித்துவிட்டு வருகிறவர்களிடம் "கோயில் காசு" என்று கேட்டால் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். கக்ஹ்வாங்ஜொன் மண்டபத்துக்கு முன்னால் 6.4 மீட்டர் உயரத்தில் ஒரு கல்விளக்கு, பக்கத்தில் கருஞ்சிவப்பாகப் பூக்கும் பழைய மேஹ்வா மரம். வர்ணம் பூசாத அந்த மர மண்டபத்தின் முன்னால் அப்பா வெகுநேரம் நின்றார்.

இனி சாப்பாட்டுக் கடைக்கு வருகிறேன், வயிற்றெரிச்சல் முழுக்க இங்கேதான். ஆற்றோரத்தில் டாக்ஸிக்காரரே கொண்டுபோய் நிறுத்திய கடை அது. கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எப்படி இருந்தது என்று சொல்கிறேன், அடையாளம் கண்டு விலகிக்கொள்ளுங்கள். வாசலில் விலைப்பலகை கிடையாது. உள்ளே சுவரில் இருந்தது, ஆனால் நண்டுக் குழம்புக்கு எதிரே சின்ன, நடு, பெரிய சட்டி மூன்றின் விலைமீதும் வெள்ளைக் காகிதம் ஒட்டி, "சிகா", அதாவது அன்றைய சந்தை விலை, என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். சோறு 1,000 வோன் என்பது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

சொம்ஜின் ஆற்று நண்டு பேர் போனது. கொடுக்கில் கம்பளி மாதிரி முடி இருக்கும், முள்ளங்கிக் கீரை வற்றல் போட்டுக் காரமாகக் குழம்பு வைப்பார்கள். விலை என்ன என்று நான் கேட்டேன். "மூன்று பேர் சாப்பிடலாம், கவலைப்படாதீர்கள், நன்றாகப் போட்டுத் தருகிறேன்" என்றார் கடைக்கார அம்மா. மறுபடி கேட்டேன், "சிகா, சிகா" என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார். சட்டி வந்ததும் கரண்டியால் அடிவரை துழாவினோம். பாதியாக வெட்டிய ஆறு துண்டு, மொத்தம் மூன்று நண்டு, ஒன்றில் கொடுக்கே இல்லை. மீதியெல்லாம் கீரையும் முள்ளங்கியும்.

அம்மா சைவம். கறி, மீன் இல்லாமல் மலைக்கீரை பிபிம்பாப் (சோற்றோடு கீரை, காய் போட்டுப் பிசைந்து சாப்பிடுவது) வேண்டும், முட்டையும் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன், கைபேசியில் எழுதியும் காட்டினேன். "இறைச்சி இல்லை, இல்லை" என்றார்கள். அம்மா பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு சிவப்பு மிளகாய் விழுதில் ஏதோ பொடிப் பொடியாக நெருடுகிறது என்றார். எடுத்துப் பார்த்தால் கொத்திய மாட்டிறைச்சி. அங்கே மிளகாய் விழுதை இறைச்சி போட்டு வதக்கி வைப்பது வழக்கம், அது தப்பில்லை. இல்லை என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அதைக் கொண்டுவந்து வைத்ததுதான் தப்பு. கேட்டதற்கு, "கொஞ்சம்தானே, ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுங்கள்" என்று பதில். அம்மா வெளியே போய்த் தண்ணீரால் வாயைக் கொப்பளித்தார். அதற்கப்புறம் அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. காசு போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

பில் ஒரு துண்டுத் தாளில் கையால் எழுதி வந்தது. நண்டுக் குழம்பு 160,000. பிபிம்பாப் 18,000. கீரை அடை 22,000. மேஜைச் செலவு என்று ஆளுக்கு 5,000, ஆக 20,000. மொத்தம் 220,000 வோன், நம் காசில் பதின்மூன்றாயிரம் ரூபாய். மேஜைச் செலவு என்பது மீன் சந்தையில் நாமே மீன் வாங்கிப் போய்ச் சமைக்கச் சொல்கிற கடைகளில் வாங்குவது. சாதாரணச் சாப்பாட்டுக் கடையில் பஞ்சான் என்கிற தொட்டுக்கொள்ளும் தட்டுகளுக்கும் தண்ணீருக்கும் காசு கிடையாது, கேட்டால் மறுபடியும் வைப்பார்கள்.

கார்டை நீட்டினால் மிஷின் வேலை செய்யவில்லை, பணமாகக் கொடுங்கள் அல்லது வங்கிக் கணக்குக்குப் போடுங்கள் என்றார். எங்களுக்கு முன்னால் எழுந்துபோன கொரியக் குடும்பம் அதே மிஷினில்தான் கார்டைச் செருகியது, நான் கண்ணால் பார்த்தேன். அதைச் சொன்னேன், இப்போதுதான் கெட்டது என்றார். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு, முகம் சிவந்து நின்றார். அவருக்காகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். டாக்ஸிக்காரர் உள் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவர் காசு கொடுத்ததை நான் பார்க்கவில்லை. மேஹ்வா கிராமத்துக்கு ரோட்டில் நெரிசல் என்று அங்கேயும் கூட்டிப் போகவில்லை. 150,000 மட்டும் குறையாமல் வாங்கிக்கொண்டார்.

வெளிநாட்டுக்காரன் என்பதால் மட்டும் நடக்கிற விஷயம் இது இல்லை. கொரியர்களே இதில் நொந்துபோயிருக்கிறார்கள். 2023இல் ஜின்ஹே செர்ரி விழாவில் ஒரு தட்டு பன்றி பார்பிக்யூ 50,000 வோன், நாம்வொன் சுன்ஹ்யாங் விழாவில் ஒரு கைப்பிடி இறைச்சி 40,000 வோன் என்று படங்கள் பரவி நாடே கொதித்தது. அதே வருஷம் யொங்யாங் மலைக்கீரை விழாவில், கேபிஎஸ் தொலைக்காட்சியின் பயண நிகழ்ச்சிக்காரர்கள் பழங்காலத் தின்பண்டம் ஒரு பை கேட்டதற்கு 70,000 வோன் சொன்னார்கள். பலகையில் 100 கிராமுக்கு நாலாயிரத்துச் சொச்சம் என்று எழுதியிருந்தது, பையில் அள்ளிப் போட்டு நிறுத்தால் அந்த விலை வந்தது. மாவட்ட நிர்வாகம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. விழாக் கடைகளில் பலவும் உள்ளூர்க்காரர்களுடையவை இல்லை, ஊர் ஊராகப் போகும் வியாபாரிகள் இடத்துக்குப் பெரிய தொகை கட்டிப் பிடித்து, சில சமயம் கைமாற்றியும் விடுகிறார்கள். அந்த வாடகை நம் தட்டில்தான் ஏறும். நாம்வொனில் 2024இல் இப்படி இடத்தைக் கைமாற்றி விடுவதை நிறுத்தி, சாப்பாட்டைப் பெரும்பாலும் 10,000 வோனுக்குள் கொண்டுவந்தார்கள். ஆக, மனசு வைத்தால் முடிகிறது.

உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். 2013இலிருந்து உணவகங்கள் வரியெல்லாம் சேர்த்துக் கடைசியில் எவ்வளவு கொடுக்க வேண்டுமோ அந்த விலையைத்தான் எழுத வேண்டும், இறைச்சிக்கு 100 கிராம் விலை காட்ட வேண்டும். கார்டு எடுக்கும் கடை கார்டை மறுப்பது குற்றம். பணமாகக் கொடுத்தால் பண ரசீது கேளுங்கள், தர மறுத்தால் வரித்துறையின் 126 எண்ணுக்குச் சொல்லலாம். சுற்றுலா உதவிக்கு 1330, எந்த நேரமும் ஆள் இருக்கும், ஆங்கிலத்தில் பேசலாம், கடைக்காரரிடம் போனைக் கொடுத்தால் நடுவில் மொழிபெயர்த்தும் பேசுவார்கள். சிகா என்று எழுதியிருந்தால் தொகையை எண்ணாக எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் அடுப்புப் பற்ற வைக்கும் முன்பே எழுந்துவிடுங்கள். கூகுள் வரைபடத்தை நம்பி அந்தப் பக்கம் அலைய வேண்டாம், கொரியர்கள் பயன்படுத்தும் நேவர் வரைபடத்தில் கடையைத் தேடினால் சாப்பிட்டவர்கள் போட்ட மெனுப் படங்கள் தேதியோடு கிடைக்கும்.

மறுநாள் பஸ்ஸிலேயே மேஹ்வா கிராமத்துக்குப் போனோம். அங்கே நுழைவுக் கட்டணம் கேட்டால் சண்டைக்குப் போகாதீர்கள், அது நிஜமானது. 2024 விழாவில் 5,000 வோனாக ஆரம்பித்தார்கள், அந்தத் தொகையை உள்ளூர்க் கடைகளில் செலவழிக்கும் கூப்பனாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மத்தியானம் ஹ்வாகே பக்கம் ஒரு சின்னக் கடை, வாசலிலேயே ஆற்றுச் சிப்பி சூப் 10,000 என்று எழுதியிருந்தது. அம்மாவுக்கு என்ன வேண்டாம் என்று சொன்னதும், அந்தப் பாட்டி சமையலறைக்கே கூட்டிப் போய் ஒவ்வொரு கிண்ணமாகத் திறந்து காட்டி, இதில் மீன் சாறு, இது வெறும் எண்ணெயும் உப்பும் என்று பிரித்துச் சொன்னார். கீரை, காளான், சோறு என்று அம்மா வயிறாரச் சாப்பிட்டார். வெறும் சோற்றுக்கு மட்டும் காசு வாங்கினார், மீதியை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இப்படிப்பட்ட கடைகள்தான் அங்கே அதிகம். அவர்களுடைய பிழைப்பையும் சேர்த்துத்தான் அந்த ஆற்றோரக் கடை கெடுக்கிறது.

புகார் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1330இல் சொன்னேன், மாவட்ட அலுவலகத்துக்கும் படங்களோடு எழுதினேன். சுகாதாரப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள், ஆள் போய்ப் பார்த்ததாகவும் விலையை மறைத்த காகிதத்தைக் கிழிக்க வைத்ததாகவும் சொன்னார்கள். பணம் திரும்பி வரவில்லை. டாக்ஸி விஷயத்தில் வண்டி எண்ணைக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன். உங்களுக்கும் இந்தப் பக்கம் இப்படி நடந்திருந்தால் பில் படத்தோடு சொல்லுங்கள், ஒரே கடையைப் பற்றிப் பல புகார் போனால் அலுவலகத்தில் அசைகிறார்கள்.